கூலி என்று நான் எழுதிய சீட்டு

என் பெயர் அர்த்தனாரி. தகப்பனார் பெயர் காலஞ்சென்ற ராமசாமி. வயது 69. கொல்லிமலை அடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டிக்கு மேற்கே எங்கள் தோட்டத்து வீட்டில் குடியிருக்கிறேன். பி.ஏ. வரை படித்திருக்கிறேன். அரசுக் கருவூலத் துறையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து 1990இல் ஓய்வு பெற்றேன். அதில் பதினெட்டு வருடம் அரசு ஊழியர்களின் மருத்துவச் செலவுப் பட்டியல்களைச் சரிபார்க்கும் மேசையில் இருந்தேன். இன்று 19.3.2001 திங்கட்கிழமை காலை 11 மணிக்கு நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து, உதவி ஆய்வாளர் அவர்கள் முன்னிலையில், ஏட்டு எழுதிக்கொள்ள, கீழ்க்கண்டவாறு சொல்கிறேன். என்னை யாரும் அழைக்கவில்லை. எடப்புளி நாடு கோம்பை வளவு என்ற மலைக் குடியிருப்பைச் சேர்ந்த சின்னக்கண்ணு மீது கொடுக்கப்பட்ட பொய் ரசீதுப் புகார் தொடர்பாக வந்திருக்கிறேன்.

மலைமேல் உள்ள மேல்சோலை காப்பித் தோட்டத்தில் 1998 ஏப்ரல் முதல் தொழிலாளர் மருத்துவ நிதியின் எழுத்தராக இருக்கிறேன். வாரத்தில் திங்கள், வியாழன், சனி மூன்று நாள் பஸ்ஸில் மேலே போய் வருவேன். அந்த நிதியில் ஒவ்வொரு நிரந்தரத் தொழிலாளி பெயரிலும் வருடத்துக்கு 2,500 ரூபாயை முதலாளியே போட்டு வைக்கிறார். சம்பளத்தில் எதுவும் பிடிப்பதில்லை. தொழிலாளியும் அவர் குடும்பத்தாரும் செய்யும் மருத்துவச் செலவுக்கு ரசீது கொண்டுவந்தால் அதிலிருந்து திருப்பித் தர வேண்டும். எந்தச் செலவுக்குத் தரலாம், எதற்குத் தரக்கூடாது என்று தட்டச்சு செய்த அட்டை ஒன்று என் மேசைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. டாக்டர் கட்டணம், மருந்து, ரத்தப் பரிசோதனை, மூக்குக் கண்ணாடி, பல் பிடுங்குவது, பிரசவம் என்று தரக்கூடியவை இருபத்திரண்டு இனங்கள். சோப்பு, சத்து மாவு, சாப்பாடு, கோயில் நேர்த்திக்கடன் ஆகியவை தரக்கூடாதவை. பதினான்காம் இனம், நோயாளியைக் கொண்டு செல்லும் வண்டி வாடகை அல்லது ஆள் கூலி, ரசீதுடன். தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு எழுதத் தெரியாது என்பதால் எல்லோருடைய பட்டியல்களையும் சீட்டுகளையும் நானே எழுதி, அவர்களிடம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவது வழக்கம். ஆகையால் ஒரு சீட்டு என் கையெழுத்தில் இருப்பதை வைத்து அதை யார் சொல்லி எழுதியது என்று கண்டுபிடிக்க முடியாது.

22.8.2000 செவ்வாய்க்கிழமை சின்னக்கண்ணுவின் மனைவி அத்தாயிக்குக் கடுமையான வயிற்று வலி வந்தது. கோம்பை வளவிலிருந்து பஸ் ரோட்டுக்கு ஆறு கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை. ஜீப் போகாது. அந்த ஊர் வழக்கப்படி கம்பளியை மூங்கில் கழியில் தூளியாகக் கட்டி, காளியண்ணன், சின்னுசாமி, இன்னும் இருவர் ஆக நான்கு பேர் மாற்றி மாற்றித் தோள் கொடுத்து இரண்டு மணி நேரத்தில் அத்தாயியை ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு ஜீப்பில் கீழே அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், குடல்வால் ஆபரேஷன் நடந்து, ஒன்பதாம் நாள் அவர் நடந்து வீடு வந்து சேர்ந்தார்.

4.9.2000 திங்கட்கிழமை சின்னக்கண்ணு ரசீதுகளோடு என்னிடம் வந்தார். வெளியே வாங்கிய மருந்து, பரிசோதனை, ஜீப் வாடகை எல்லாம் சேர்த்து 1,840 ரூபாய். எல்லாம் ஒழுங்காக இருந்தன, பாஸ் செய்தேன். அதன் பிறகு அவர் சட்டைப் பையிலிருந்து நாட்காட்டித் தாள் ஒன்றை எடுத்தார். பின்பக்கத்தில் கடைக்காரர் கையால் கோழி இரண்டு, அரிசி, மளிகை, மொத்தம் 312 என்று எழுதியிருந்தது.

"ஏனுங்கய்யா, இதையும் சேத்துக்குங்க."

"இது விருந்துச் செலவு அப்பா."

"விருந்து இல்லீங்க. தூக்குனவங்க சோறு."

என்ன என்று கேட்டேன். தூளியில் போனவர் பிழைத்து வந்தால், அவரே எழுந்து நின்று தன் கையால் தூக்கியவர்கள் இலையில் சோறு போட வேண்டும் என்றும், அதுவரை அவர்கள் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள் என்றும், போட்ட பிறகு அந்தக் கணக்கு தீர்ந்தது என்றும் சொன்னார். கூலி எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கூலிக்குத் தூக்கறது மூட்டைங்க. ஆளை எப்படிங்கய்யா கூலிக்குத் தூக்கறது?"

அட்டையில் சாப்பாடு இல்லை, ஆள் கூலி என்று போட்டால் பதினான்காம் இனத்தில் தரலாம் என்று சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "வேண்டாமுங்கய்யா. கூலின்னு எழுதிறாதீங்க. சோத்துக்காசு வராட்டிப் போகுது, விடுங்க" என்றார். நான் சரி என்றேன். அவர் அந்த நாட்காட்டித் தாளை நான்காக மடித்து மறுபடி பையில் வைத்துக்கொண்டு போனார். அது தள்ளுபடியான காகிதம், கிழித்துப் போட்டிருக்கலாம், ஆனால் மடித்து வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு இரண்டு நாள் அது என் மனதில் இருந்தது. அரசு வேலையில் நான் தள்ளுபடி செய்த பட்டியல்களுக்குக் கணக்கில்லை. ஒன்றையாவது சேர்த்துப் பாஸ் செய்யலாமே என்று தோன்றியது. 1,840ம் 300ம் சேர்ந்தால்கூட அவர் பெயரில் இருந்த தொகைக்குள்தான் வந்தது. அந்தக் குடும்பத்துக்கு நன்மை செய்ய நினைத்தேனா, விதியில் ஒரு இடம் கண்டுபிடித்த பெருமையில் செய்தேனா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. தூக்கியவர்களுக்குப் போடும் உணவையும் ஓர் இனமாகச் சேர்க்கும்படி முதலாளிக்கு மூன்று வரிக் கடிதம் ஒன்று எழுதினேன். நான்கு முறை திருத்தி எழுதினேன். வேலைக்கு வந்த இடத்தில் விதியைத் திருத்தச் சொல்கிறான் கிழவன் என்று நினைப்பார்களோ என்று அனுப்பவில்லை. மேசை இழுப்பறையில் இருந்த அந்தக் கடிதத்தை இன்று கொண்டுவந்து ஒப்படைத்திருக்கிறேன். கடிதம் அனுப்பப் பயந்தால், என் ஓய்வூதியத்திலிருந்து முந்நூறு ரூபாயை அவர் கையில் கொடுத்திருக்கலாம். அது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

9.9.2000 சனிக்கிழமை வாரச் சம்பளம் கொடுக்கும் நாள். அதற்கு முன்பே நான்கு சீட்டுகள் எழுதி வைத்திருந்தேன். ஒவ்வொன்றிலும் 'சின்னக்கண்ணு மனைவி அத்தாயியை ரோடு வரை தூளி தூக்கிய கூலி ரூபாய் எழுபத்தைந்து பெற்றுக்கொண்டேன்' என்று எழுதியிருந்தேன். சம்பளம் வாங்க வந்த நால்வரிடமும் அந்தச் சீட்டுகளில் கைநாட்டு வாங்கினேன். அப்போது சின்னுசாமி, "ஏனுங்கய்யா, எம்பட காட்டை எழுதி வாங்கறீங்களா?" என்று கேட்டார். பின்னால் நின்ற காளியண்ணன், "உங்கிட்ட என்ன இருக்குது எழுதி வாங்க, அந்தச் சொறி புடிச்ச ஆடா?" என்று சொல்ல, வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன் பிறகு காளியண்ணன் மை தொட்ட விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். "அத்தாயியைத் தூக்கிக்கொண்டு போனதற்குச் சாட்சி" என்று சொன்னேன். "அதுக்கென்னுங்க, நல்லா வெக்கிறேன்" என்று சொல்லி அழுத்தி வைத்தார். நான்கு சீட்டுகளில் அவர் கைநாட்டுத்தான் மிகத் தெளிவாக இருக்கிறது. நால்வருக்கும் நான் பணம் கொடுக்கவில்லை.

அதன் பிறகு 2,140 ரூபாயைச் சின்னக்கண்ணுவிடம் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்த்து, "கூட இருக்குதுங்களே" என்றார். சோற்றுச் செலவும் பாஸ் ஆகிவிட்டது என்று சொன்னேன். எப்படிப் பாஸ் ஆனது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மொத்தத் தொகைக்கு அவர் போட்ட கையெழுத்தைத் தவிர அந்த நான்கு சீட்டுகளை அவர் கண்ணால் பார்த்ததில்லை. அடுத்த திங்கட்கிழமை அவர் ஒரு சீப்பு மலைவாழைப்பழம் கொண்டுவந்து மேசையில் வைத்தார். இரண்டு பழம் சாப்பிட்டேன்.

18.1.2001 வியாழக்கிழமை சேலத்திலிருந்து முதலாளி அனுப்பிய தணிக்கையாளர் ராதிகா என்ற பெண்மணி வந்தார். காப்பிப் பழம் பறிக்கும் காலம் என்பதால் எல்லோரும் எடைக் கொட்டகையில் இருந்தார்கள். அவர் அங்கேயே ஒரு நாற்காலி போட்டு, சீட்டுகளை ஒவ்வொன்றாக உரக்கப் படித்து, உரியவரைக் கூப்பிட்டுச் சரிதானா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அது அவர் வேலை, அதில் தவறில்லை. காளியண்ணன் பெயரைப் படித்து, அத்தாயியைத் தூளி தூக்கிய கூலி ரூபாய் எழுபத்தைந்து என்று படித்தார். தராசுச் சத்தத்தையும் மீறி அது கொட்டகை முழுக்கக் கேட்டது. அதன் பிறகு பறிக்கிற பெண்களில் ஒருவர், "காளியண்ணா, அத்தாயியைக் கிலோ என்ன வெலைக்குத் தூக்குனே?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். இன்னொருவர், "சாக்கோட எடையைக் கழிச்சியா இல்லையா?" என்றார்.

காளியண்ணன் தோளில் இருந்த மூட்டையை இறக்கி வைத்தார். தணிக்கையாளரிடம், "நான் யாருகிட்டயும் கூலி வாங்கலீங்கம்மா" என்று சொன்னார். மற்ற மூவரும் அதையே சொன்னார்கள். அதன் பிறகு காளியண்ணன் சின்னக்கண்ணு பக்கம் திரும்பி, "அண்ணா, எங்க பேரைச் சொல்லிக் காசு வாங்குனீங்களா?" என்று கேட்டார். சின்னக்கண்ணு என்னைப் பார்த்தார். நான் பத்தடி தூரத்தில் சிறிய மேசையில் உட்கார்ந்திருந்தேன். பேனாவுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். பெண்கள் என்னைப் பார்த்தும் சிரிப்பார்கள் என்றும், தணிக்கையாளர் நோட்டுப் புத்தகத்தில் என் பெயரை எழுதுவார் என்றும் பயந்தேன். தணிக்கையாளர் அடுத்த சீட்டைப் படித்தார்.

மறுநாள் காலை சின்னக்கண்ணு வீட்டு வாசலில் நான்கு கோழிகள் காலில் கயிறு கட்டிக் கிடந்தன என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவர்கள் சாப்பிட்டது இரண்டு கோழி. ஆளுக்கு ஒன்றாக நான்கைக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அத்தாயி அவற்றை அறுக்கவும் இல்லை, விற்கவும் இல்லை, அவிழ்த்துவிட்டுத் தீனி போட்டு வந்தார்.

22.1.2001 திங்கட்கிழமை சின்னக்கண்ணு ஆபீசுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "நீங்க ஒருக்கா ஊட்டுப் பக்கம் வந்து, நாந்தான் எழுதுனேன்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்கய்யா. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வருகிறேன் என்று சொன்னேன். 28.1.2001 ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் மலை ஏறி, ரோட்டில் இறங்கி, கோம்பை வளவுப் பாதையில் ஓடை வரை நடந்தேன். அங்கே ஒரு பாறையில் உட்கார்ந்து, நான்கு பேர் முன்னால் என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அதன் பிறகு திரும்பிவிட்டேன். முழங்கால் வலித்தது உண்மை. ஆனால் அதற்காகத் திரும்பவில்லை. மறுநாள் சின்னக்கண்ணுவிடம் மழை வந்துவிட்டது என்று சொன்னேன். அது தை மாதம். மழை பெய்யவில்லை என்பது அவருக்கும் தெரியும். "செரிங்கய்யா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். அதன் பிறகு அவர் அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை.

6.3.2001 செவ்வாய்க்கிழமை விடிந்ததும் அத்தாயிக்கு மறுபடி வலி வந்து வாந்தி எடுத்தார். இதன் பிறகு நடந்ததைச் சின்னக்கண்ணுவின் தங்கை பாப்பாத்தியும் காளியண்ணனும் எனக்குச் சொன்னார்கள், நான் நேரில் பார்க்கவில்லை. சின்னக்கண்ணு முதலில் சின்னுசாமி வீட்டுக்குப் போனார். அவர் தோள்பட்டை பிடித்திருக்கிறது என்றார். மற்ற இருவர் வீட்டில் காட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். காளியண்ணன் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். "கைநாட்டு வெச்சுட்டுத் தூக்கணுமா, தூக்கிட்டு வெக்கணுமா அண்ணா?" என்று கேட்டார். சின்னக்கண்ணு இரண்டாம் தடவை கேட்கவில்லை. வீட்டுக்குத் திரும்பி, அத்தாயியைப் புடவையால் தன் முதுகோடு கட்டிக்கொண்டு, பாப்பாத்தியைக் கூட அழைத்துக்கொண்டு எட்டு மணிக்குப் புறப்பட்டார். அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. வழியில் ஒன்பது இடத்தில் இறக்கி வைத்தார் என்று பாப்பாத்தி சொன்னார். பஸ் ரோட்டுக்கு வரும்போது மணி ஒன்று. ஜீப் கிடைத்து மலை இறங்கும்போது பாப்பாத்தி மனதைத் திடப்படுத்திக்கொள்ளக் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்திருக்கிறார். எழுபதிலிருந்து இறங்கி முப்பத்தெட்டாம் வளைவுப் பலகை வரை எண்ணினார். அதன் பிறகு எண்ணவில்லை.

இரண்டு மணி நேரத்தில் ரோட்டுக்கு வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று ஆஸ்பத்திரியில் யாரிடமும் நான் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளும் தைரியம் இல்லை.

காளியண்ணன் சொன்னது இது. கோபத்தில் ஒரு வார்த்தை கேட்டதாகவும், சின்னக்கண்ணு மறுபடி கேட்பார், உடனே கழியை எடுத்துவிடலாம் என்று வாசலிலேயே நின்றதாகவும், அரை மணி கழித்து அவர் முதுகில் கட்டிக்கொண்டு போய்விட்டார் என்று கேள்விப்பட்டதும் கம்பளியும் கழியும் எடுத்துக்கொண்டு, காட்டில் இருந்த இருவரைத் தேடிப் பிடித்து, சின்னுசாமியையும் இழுத்துக்கொண்டு நால்வரும் ஓடியதாகவும் சொன்னார். ஆளைத் தேடியதில் நேரம் போய்விட்டது. அவர்கள் ரோட்டுக்கு வந்தபோது ஜீப் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. யாரும் வீட்டுக்குத் திரும்பவில்லை. கழியைக் குறுக்கே போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் ஜீப் திரும்பி வந்தது. சின்னக்கண்ணு இறங்கி அவர்களைப் பார்த்தார். அதே கம்பளியில் அத்தாயியைக் கிடத்தி வளவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அதன் பிறகு தணிக்கையாளரின் குறிப்பை வைத்துச் சேலத்திலிருந்து கடிதம் வந்து, சின்னக்கண்ணு பொய் ரசீது கொடுத்து முந்நூறு ரூபாய் ஏமாற்றியதாக 12.3.2001 அன்று புகார் கொடுக்கப்பட்டது. அவரை நிரந்தரத் தொழிலாளர் பட்டியலிலிருந்து நீக்கவும் ஏற்பாடு நடக்கிறது. நீக்கினால் அவருக்கு இருக்கும் வேலையும் போகும், அவர் வீட்டில் மிச்சம் இருப்பவர்களுக்கு மருத்துவ நிதியும் போகும். 16.3.2001 அன்று அவரை இங்கே அழைத்து விசாரித்தபோது, சீட்டு எழுதியது யார் என்று கேட்டதற்கு அவர் வாய் திறக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். சனிக்கிழமை அவரைத் தோட்டத்தில் பார்த்து, என் பெயரை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். மொட்டை அடித்திருந்தார்.

"நீங்க எழுதுனீங்கன்னு நான் சொல்லி என்னங்கய்யா? அன்னைக்குக் கொட்டாயில நீங்க சொல்லலையே" என்றார்.

தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போனார்.

தோட்ட மேலாளர் குணசேகரனிடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நல்ல மனிதர். "பேசாம இருங்க சார். அந்த ஆளு எப்படியும் அபராதம் கட்டிட்டு வந்துருவான். இந்த வயசுல கேஸுன்னு ஆனா உங்க பென்ஷனே நின்னு போயிரும்" என்றார். அது நடக்கலாம் என்று எனக்கும் தெரியும். அந்த விதி எனக்கு மனப்பாடம். வேறு வருமானம் எனக்கில்லை. பயமாகத்தான் இருக்கிறது. இந்த நிலைய வாசல் வரை வந்து ஒரு முறை எதிரில் உள்ள டீக்கடைக்குத் திரும்பிப் போனேன். டீ குடித்து முடித்த பிறகு உள்ளே வந்தேன்.

ஆகவே நான் சொல்வது, அந்த நான்கு சீட்டுகளையும் எழுதியவன் நான். எழுத வேண்டாம் என்று சின்னக்கண்ணு சொன்ன பிறகு எழுதினேன். கைநாட்டு வைத்தவர்களிடம் வேறு காரணம் சொல்லி வாங்கினேன். சின்னக்கண்ணுவுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. காளியண்ணன் முதலிய நால்வரும் கூலி கேட்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. முந்நூறு ரூபாயை நிதியில் இன்று கட்டிவிட்டேன், ரசீது இணைத்திருக்கிறேன்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. அந்தச் சீட்டு எடைக் கொட்டகையில் எல்லோர் காதிலும் விழும்படி படிக்கப்பட்டது. இந்த வாக்குமூலத்தில் மேலே உள்ள பத்தியையும் அதே இடத்தில் அப்படியே யாராவது படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அது காவல் துறையின் வேலை இல்லை என்று உதவி ஆய்வாளர் சொன்னார். சரிதான். ஆகையால் அதைத் தனித் தாளில் நகல் எடுத்துக்கொண்டேன். வரும் சனிக்கிழமை சம்பளம் கொடுக்கும் நேரத்தில் நானே படிப்பேன். என் குரல் சிறியது. தராசை நிறுத்தச் சொல்லிவிட்டுப் படிப்பேன்.

இதுவரை சொன்னதை ஏட்டு எனக்குப் படித்துக் காட்டினார், பிறகு நானும் கண்ணாடி போட்டு ஒரு முறை படித்தேன். நான் சொன்னபடியே இருக்கிறது. கைநாட்டு வாங்கிய இடத்தில் 'அறியாமல்' என்று ஒரு சொல்லை ஏட்டு என்மேல் இரக்கப்பட்டுச் சேர்த்திருந்தார். அதை அடிக்கச் சொல்லி ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். அறிந்துதான் செய்தேன்.

(ஒப்பம்)
ரா. அர்த்தனாரி
19.3.2001